தோட்டா வளைந்து போகுமா?

ஹாலிவுட்டின் 'வாண்டட்' (2008) படத்தில் துப்பாக்கியை வீசிச் சுட்டால் தோட்டா ஆளைச் சுற்றி வளைந்து போகும். சுத்த ரீல்! குழலை விட்டுக் கிளம்பியபின் கைவீச்சால் அதை வளைக்க முடியாது.

ஆனால் அந்தக்கால உருண்டைக் குண்டுகள் நிஜமாகவே வளைந்தன. 1740களில் இதைக் காட்டியவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். குழலின் நுனியை இடப்பக்கம் வளைத்து, வரிசையாகத் தொங்கிய காகிதத் திரைகளைச் சுட்டார். இடப்பக்கம் கிளம்பிய குண்டு, போகப்போக வலப்பக்கம் திரும்பியிருந்தது! குழல் சுவரில் உரசிச் சுழன்ற குண்டைக் காற்று ஒருபக்கமாகத் தள்ளியதே காரணம். கால்பந்து ஃப்ரீ கிக் வளைவதும் இப்படித்தான். பெயர் மட்டும் நூறு வருடம் கழித்து ஆராய்ந்த ஜெர்மானியர் மேக்னஸுக்குப் போனது, அநியாயம்தான்.

ராபின்ஸ் 1750ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, கோட்டைகளைப் பலப்படுத்த இந்தியா வந்தார். மறுவருடமே நம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். வயது சுமார் 44.