காணியும் காடும்: திருவனந்தபுரம் மலையோரத்தில் வனப் பாதுகாப்பின் வரலாறு

தமிழில் காணி என்றால் நிலம். இன்னும் சரியாகச் சொன்னால், தலைமுறை வழியாக வந்த நில உரிமை. அகத்தியமலைச் சரிவுகளில், திருவனந்தபுரம் மாவட்டத்திலும் அதை அடுத்த குமரி, நெல்லை மலைகளிலும் வாழும் பழங்குடியினரின் பெயரும் அதுவே. 1909இல் வெளிவந்த தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் காணிக்காரர் என்ற பெயருக்குப் பரம்பரை நில உடைமையாளர் என்றே பொருள் தந்தார். ஆனால் அதற்கு முன்பே சட்டம் அவர்களை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. வனப் பாதுகாப்பைப் பற்றி உள்ளூர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கேள்வித்தாளுடன் மலையேறுவதுண்டு. காணிகளிடம் கிடைக்கும் விடை, காட்டின் மீது அவர்களுக்குள்ள அன்பை மட்டும் காட்டுவதில்லை. அவர்களின் உரிமை எப்படி வந்தது, எப்படிப் போனது என்ற கணக்கையும் சேர்த்தே காட்டுகிறது.

ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூட்டுக்காணி என்ற தலைவர் இருந்தார். மருந்தும் மந்திரமும் அறிந்த பிலாத்தி, கொக்கரை என்ற இசைக்கருவியை உரசிச் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் தீர்த்தார். காட்டை வெட்டி எரித்து விதைத்து, சில ஆண்டுகளில் வேறிடம் பெயர்ந்தார்கள். விட்ட இடத்தில் மரம் மீண்டும் எழுந்தது. திருவிதாங்கூர் அரசுடனான உறவு காணிக்கையில் நின்றது. ஓணக் காலத்தில் தேனும் காட்டுப் பொருள்களும் சுமந்து மலையிறங்கி, அரண்மனைக்குச் சென்று அரசரைக் காண்பார்கள். அந்த வழக்கம் கவடியார் அரண்மனையில் இன்றும் தொடர்கிறது. பகைவருக்கு அஞ்சி மறைந்து திரிந்த மார்த்தாண்ட வர்மருக்குத் தங்கள் முன்னோர் அடைக்கலம் தந்ததாகக் காணிகள் சொல்வார்கள். இதை வெறும் கதையென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அரசரோடு தங்களுக்கு இருந்தது கொடுத்து வாங்கிய உறவு என்று அவர்கள் நம்பியதற்கு அதுவே சான்று.

தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை திருவிதாங்கூரில் அரச மரங்கள். யார் நிலத்தில் நின்றாலும் அவை அரசருக்கே. 1887இல் வந்த வனச்சட்டமும், கொல்லம் ஆண்டு 1068இல், அதாவது 1893இல், வந்த சட்டமும் இந்த உரிமையை மரத்திலிருந்து காடு முழுவதற்கும் விரித்தன. காடுகள் ஒதுக்கப்பட்டு எல்லைக்கல் நடப்பட்டது. 1911இல் மலைவாசிகளை நடத்தும் முறை குறித்துத் தனி விதிகள் வந்தன. அவற்றில் கனிவு இல்லாமல் இல்லை. ஆனால் காட்டில் வாழ்வது இனி அரசு இசைந்து தரும் சலுகை. வனத்துறைக்கு உழைப்பது அதற்கு ஈடு. காணியாட்சி அனுமதியாகச் சுருங்கியது இந்த இடத்தில்தான்.

விடுதலைக்குப் பிறகும் அந்தக் கண்ணோட்டம் மாறவில்லை. 1956இல் மாநில எல்லை காணிகளை இரண்டாகப் பிரித்தது. நெய்யாறு 1958இலும் பேப்பாறை 1983இலும் சரணாலயங்களாயின. திருவனந்தபுரம் நகரம் குடிக்கும் நீர் பேப்பாறை அணையிலிருந்து வருகிறது. குழாயைத் திறக்கும் நகரவாசிக்கு, அந்த நீர்பிடிப்புக் காட்டிலேயே குடியிருப்புகள் உண்டு என்ற நினைவு வருவது அரிது.

ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1987 டிசம்பரில் பழங்குடி அறிவைத் தேடி அகத்தியமலை ஏறிய அறிவியலாளர்கள் களைத்துப்போனார்கள். வழிகாட்டிய காணிகளோ ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி சோர்வின்றி நடந்தார்கள். என்னவென்று சொல்ல முதலில் தயங்கினார்கள், பிறகு சொன்னார்கள். டிரைகோபஸ் சைலானிகஸ் என்ற அந்தச் செடியிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம், பி. புஷ்பாங்கதன் தலைமையில், ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் உற்பத்தி உரிமை தரப்பட்டது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. பணத்தைப் பெற 1997இல் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி என்று உலகம் இதைப் பாராட்டியது.

மலையில் இருந்த மனநிலை அவ்வளவு எளிதல்ல. 1995இலேயே ஒன்பது பிலாத்திகள் தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்றதை எதிர்த்து முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். குற்றிச்சல் பகுதிக் காணிகள் திட்டத்தோடு நெருங்கியிருந்தார்கள். விதுரை, பெரிங்கம்மலைக் காணிகள் தங்களைக் கேட்கவில்லை என்றார்கள். செடியை வளர்த்து இலையை விற்க முனைந்தபோது வனத்துறை குறுக்கே நின்றது. அறிவு காணியுடையதாம், செடி அரசுடையதாம். அந்தப் பிலாத்திகளை முன்னேற்றத்துக்கு எதிரிகள் என்று எழுதியவர்கள், அவர்களின் எதிர்ப்பைக் காதில் வாங்கவே இல்லை.

உலக வங்கி உதவியுடன் 1998 முதல் கேரளத்தில் வன சம்ரக்ஷண சமிதிகள் என்ற வனப் பாதுகாப்புக் குழுக்கள் அமைந்தன. தீத்தடுப்பு வேலையும் சுற்றுலா வருமானமும் வந்தன. ஆனாலும் சமிதியின் செயலாளர் வனத்துறை அலுவலரே. 2006இன் வன உரிமைச் சட்டம் வேறு வகை. சமூக வன வளத்தைக் காக்கவும் ஆளவும் உள்ள உரிமையை அது கிராம சபையிடம் வைத்தது. என் பார்வையில், 1887இல் தொடங்கிய ஓட்டம் திசை மாறிய இடம் இதுவே.

அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். காணிகளுக்கு அது தெய்வம் உறையும் முடி. மலையேற்றத்தில் பெண்களைத் தடுக்கக்கூடாது என்று 2018இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின் 2019 ஜனவரியில் முதல் பெண் மலையேறினார். தடையை நான் ஆதரிக்கவில்லை. அந்தத் தீர்ப்பு நியாயமானது. ஆனால் அந்த நாளில் காணிகள் நடந்துகொண்ட விதம் இந்த வரலாற்றோடு சேர்ந்தது. மலையடிவாரத்துப் போணக்காட்டில் கூடி எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், தங்கள் வழிபாட்டை நடத்தினார்கள். யாரையும் மறிக்கவில்லை.