இயங்க மறுக்கும் டீசல் இயந்திரம்: முதலில் புகையைப் பாருங்கள்

கனகராயன்குளம் பகுதியில் காலபோக உழவுக்கு மண் பதமாக இருக்கும் நாட்கள் குறைவு. அந்த நாட்களில் லான்ட்மாஸ்டர் ஸ்டார்ட் வராவிட்டால் விதைப்பே பிந்திவிடும். மீள்குடியேறி, கடன்பட்டு இயந்திரம் வாங்கிய குடும்பத்துக்கு அது பேரிழப்பு. இந்த இயந்திரங்களைத் திருத்துபவன் என்ற முறையில், நொசிலையும் பம்பையும் கழற்றுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவற்றை எழுதுகிறேன். நீர் இறைக்கும் டீசல் இயந்திரத்துக்கும் இவை பொருந்தும்.

டீசல் இயந்திரத்தில் பிளக் இல்லை. காற்றை ஏறக்குறைய 20 மடங்கு அமுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் தீப்பற்றுகிறது. ஆகவே சுத்தமான டீசல், தடையில்லாத காற்று, நல்ல அமுக்கம் ஆகிய மூன்றும் வேண்டும். எதில் குறை என்பதைக் கைபிடியைச் சுற்றும்போது வரும் புகை பெரும்பாலும் காட்டிவிடும்.

புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. தாங்கியின் திறப்பைப் பாருங்கள். அடியிலிருந்து கொஞ்ச டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும். வடிகட்டி அடைத்திருந்தால் மாற்றுங்கள். தாங்கி ஒருமுறை வற்றியிருந்தால் குழாயில் காற்று நிற்கும். முதலில் வடிகட்டியின் காற்றுத் திருகையும், பிறகு பம்பின் திருகையும் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை டீசலை ஓடவிட்டு இறுக்குங்கள்.

கறுப்புப் புகை வந்தால் காற்றுப் போதவில்லை. சூடடிப்புக்குப் பின் உமியும் தூசும் காற்று வடிகட்டியை அடைத்துவிடும். எண்ணெய் வைத்த வடிகட்டியானால் கழுவி, புது எண்ணெய் விடுங்கள்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. மார்கழிக் குளிரில் இது சாதாரணம். தண்ணீரால் குளிரும் இயந்திரமானால் இளஞ்சூட்டு நீரை ஊற்றிச் சற்றுப் பொறுத்துச் சுற்றுங்கள். வெயிலிலும் அதே புகை என்றால் அமுக்கத்தைப் பாருங்கள். கைபிடியை மெதுவாகச் சுற்றும்போது ஓரிடத்தில் பலமாக எதிர்க்க வேண்டும். எதிர்ப்பு இல்லையென்றால், காற்று போகும் வழியில் சில துளி என்ஜின் ஒயில் மட்டும் விட்டுச் சுற்றுங்கள். எதிர்ப்புக் கூடினால் றிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வில் சந்தேகம். அமுக்கம் நன்றாக இருந்தால் நொசிலைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் டீசல் கிடைப்பது அரிது. மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் பலர். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது கான்களில் சேமித்து வைத்தோம். இரண்டு பழக்கமும் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்பு இல்லை; பம்பும் நொசிலும் விரைவில் தேயும். கானில் நாட்பட்ட டீசலில் தண்ணீர் சேரும். துணியில் வடித்து, அடிமண்டியை விட்டுவிட்டு ஊற்றுங்கள்.

செய்யக்கூடாதவை சில. காற்று வழியில் பெற்றோல் ஊற்றவோ, எரியும் துணியைப் பிடிக்கவோ வேண்டாம். நொசில் பீச்சும்போது கையை முன்னே நீட்ட வேண்டாம். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அடைத்த கொட்டிலுக்குள் இயந்திரத்தை ஓட்டவும் வேண்டாம். புகை உயிரைப் பறிக்கும்.

இவ்வளவும் பார்த்தபின்பும் வராவிட்டால் திருத்துபவரிடம் கொண்டு போங்கள். என்ன நிறப் புகை, அமுக்கம் எப்படி, எவற்றைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அவருக்கு நேரமும் உங்களுக்குக் காசும் மிஞ்சும்.