திரிமரமும் கடைச்சலும்

பாலாற்றங்கரை ஊர்களாகிய வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலியன தோல்தொழிலாற் பெயர்பெற்றவை. ஏனைத் தமிழக ஊர்களிற் போலவே, மரக்கடைச்சலும் இப்பகுதி மக்கள் அறிந்த தொழிலாகும். கட்டிற்கால், தொட்டிற்கட்டை, மாடிப்படித் தூண், பூரிக்கட்டை ஆகியன கடைச்சற் பட்டறையில் உருவாகும் பொருள்கள். மேலைநாட்டார் உணவு மேசையில் உப்பையும் மிளகையும் அரைத்துத் தூவிக்கொள்ளும் சிறிய மரத்திரிகையும் இத்தொழிலின் பாற்பட்டதே. இம்மரத்திரிகை முற்றும் மேலைநாட்டுப் பொருள் எனவும், மரம் கடையும் கலை தென்னாட்டுக்குத் திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகத்திலிருந்து வந்தது எனவும் கருதுவார் உளர். இவ்விரு கருத்துக்களையும் சொற்சான்றும் பொருட்சான்றும் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் மரத்திரிகையைக் காண்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளை உடையது. பாணன் கடந்து செல்லும் தொண்டைநாட்டு நிலப்பகுதிகளை அது முறையே விரிக்கின்றது. அதன்கண் முல்லைநிலத்து உழவர் குடியிருப்பை வருணிக்குமிடத்துத் 'திரிமரம்' என்னும் சொல் வருகின்றது. பந்தரின்கீழ் நிற்கும் அத்திரிமரம் யானையின் காலுக்கு உவமிக்கப்பெறுகின்றது. வரகு முதலிய கூலங்களைத் திரிக்கும் மரத்திரிகையே அது. பருத்து உருண்டு நிமிர்ந்த வடிவம் உவமையால் விளங்கும். இன்று வேலூரும் ஆம்பூரும் அமைந்துள்ள நிலம் பண்டைத் தொண்டைநாட்டின் மேற்பகுதியாகும். எனவே, மரத்தாற் செய்த அரைகருவி இந்நாட்டார்க்குப் புதிதன்று என்பது தெளிவு. கல்திரிகை பரவிய பின்னர் மரத்திரிகை அருகியது. கல்லினும் மரம் மென்மையானது. கூலமணியை நொறுக்காமல் உமியை மட்டும் நீக்குதற்கு ஏற்றது. திரிமரம் மாவாக்குதற்கன்றி உமி நீக்குதற்கே பெரிதும் பயன்பட்டிருத்தல் கூடும் என ஊகிக்கலாம்.

அந்நூலிலேயே, திரிமரம் கூறப்படும் இடத்திற்குச் சற்று முன்னர், வேறிரு சுழற்சித் தொழில்கள் பேசப்படுகின்றன. ஒன்று, ஆய்மகள் விடியற்காலையில் மத்தின் கயிற்றை இழுத்துத் தயிர் கடைதல். மற்றொன்று, இடையன் ஞெலிகோலால் தீயுண்டாக்கி, அத்தீக்கோலைக் கொண்டு மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்தல். ஞெலிகோல் அண்டைத் தகடூர் நாட்டு வேந்தனாகிய அதியமானைப் பற்றிய புறநானூற்றுப் பாடலிலும் இடம்பெறுகின்றது. பிற்காலத்தார் அதனைத் தீக்கடைகோல் என்றனர்.

ஈண்டுத் திரிதல், கடைதல் என்னும் இரு வினைகளின் வேறுபாடு கருதத்தக்கது. திரிதல் என்பது ஒரே திசையிற் சுற்றிவருதல். திரிகையின் இயக்கம் அத்தகையது. கடைதலோ முன்னும் பின்னுமாகச் சுழலுதல். மத்தின் தண்டிற் சுற்றிய கயிற்றின் ஒருமுனையை இழுக்க மத்து வலஞ்சுழலும். மறுமுனையை இழுக்க இடஞ்சுழலும். பாற்கடலைக் கடைந்த கதையில் வாசுகியாகிய கயிற்றைத் தேவரும் அசுரரும் மாறிமாறி இழுத்ததும் இம்முறையே பற்றியது. தீக்கடைகோலும் இவ்வாறே இருபுறமும் சுழல்வது.

இனி, மரம் கடைதலையும் அதே வினையாற் குறித்தது ஏன்? விடை பழைய கடைச்சற் கருவியின் அமைப்பில் உள்ளது. கடைய வேண்டிய மரத்துண்டை இரண்டு முளைகளுக்கிடையே பொருத்துவர். கயிறோ தோல்வாரோ அதன்மேற் சுற்றப்படும். ஒருவன் அதன் இருமுனைகளையும் மாறிமாறி இழுப்பான். மற்றொருவன் உளியைப் பிடிப்பான். தனித்துத் தொழில் செய்வோன் வில்லின் நாணைச் சுற்றிக்கொண்டு ஒருகையால் வில்லை இயக்குவதும் உண்டு. மரம் உளியை நோக்கிச் சுழலும்போதே உளி சீவும். எதிர்ப்புறம் சுழலும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். மத்தைக் கிடையாக வைத்தால் கடைச்சற் கருவி ஆகிவிடும் எனலாம். தயிர், தீ, மரம் என்னும் மூன்றற்கும் ஒரே வினைச்சொல் அமைந்தது உவமையால் அன்று. இயக்கம் ஒன்றாயிருத்தலால் என்க.

இம்முறை தமிழ்நாட்டிற்கே உரியதன்று. எகிப்து நாட்டில் ஏறத்தாழ கி.மு. 300ஆம் ஆண்டினதாகிய பெட்டோசிரிசு என்பாரின் கல்லறைச் சிற்பத்தில், ஒருவன் வாரை இழுக்க மற்றொருவன் கருவியைப் பிடித்துக் கடையும் காட்சி உள்ளது. கிரேக்க மொழியில் வட்டம் வரையும் கருவிக்கும் கடைச்சற் கருவிக்கும் பெயராயிருந்த தோர்னோசு என்னும் சொல், இலத்தீன் வழியாகச் சென்று, ஆங்கிலத்திற் சுழலுதலைக் குறிக்கும் பொதுவினையாகிய 'டர்ன்' ஆயிற்று. அங்கே கடைச்சல் பொதுச்சுழற்சிக்குப் பெயர் தந்தது. தமிழிலோ கடைச்சலே மத்திலிருந்து பெயர் பெற்றது.

அடுத்துக் காலம் பற்றிய வினா எழுகின்றது. கன்னட நாட்டுச் சென்னபட்டணம் அரக்குச் சாயம் பூசிய கடைச்சற் பொம்மைகளுக்குப் பெயர்போனது. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை அழைத்து அத்தொழிலை அங்கே வளர்த்தார் என்பது வழிவழி வரும் செய்தி. 1799இல் திப்பு மாண்டபின் அவர்தம் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பெற்றனர். 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவிற்கு அனுப்பப்பெற்றனர். இவ்வரலாற்றுத் தொடர்பு கொண்டு, பாலாற்றுப் பகுதிக் கடைச்சலும் அவ்வழியே வந்ததெனக் கூறுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது.

மலையாளத்தில் 'கடயுக' என்னும் வினை தயிர் கடைதலையும் மரம் கடைதலையும் ஒருங்கே குறிக்கும். தமிழ்க் 'கடைச்சல்' போலவே அங்குக் 'கடச்சில்' என்னும் பெயரும் உண்டு. இவ்வொற்றுமை இரு மொழிகளும் பிரிவதற்கு முன்னரே இப்பொருள் வழங்கியதைக் காட்டுவதாகலாம். இயக்கம் ஒன்றாதலின் இரு மொழியாரும் தனித்தனியே பொருளை விரித்துக்கொண்டனர் என மறுப்பாரும் இருக்கலாம். எனவே சொற்சான்று மட்டும் முடிந்த முடிபாகாது. பொருட்சான்று அதனினும் வலியது. 1117ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பேலூர்ச் சென்னகேசவர் கோயில் முதலிய போசளர் கோயில்களில், வட்ட வட்டமான வளையங்களும் கூரிய விளிம்புகளும் பொருந்தக் கடைந்து மெருகிட்ட கல்தூண்கள் நிற்கின்றன. கல்லையே கடைந்த நாட்டில், அதற்கு ஏறத்தாழ 650 ஆண்டுகட்குப் பின் வந்தோர் மரம் கடையக் கற்பித்தனர் என்பது ஏற்புடைத்தன்று. பாரசீகர் வழியாக வந்தது ஏதேனும் உண்டாயின் அஃது ஒப்பனைமுறையாக இருத்தல் கூடும், கடைச்சல் ஆகாது.

இவ்வாறு கூறும்பொழுது மறுதலையான மிகையையும் விலக்குதல் வேண்டும். நெடுநல்வாடையில் அரசியின் கட்டிற்கால்கள் குடம்போற் புடைத்தும் பூண்டுபோல் திரண்டும் அமைந்தமை கூறப்பெறுகின்றது. இவ்வடிவங்கள் இன்றைய கடைச்சற் கட்டிற்கால்களை நினைவூட்டுவன. ஆயினும் அப்பாட்டு கூரிய உளியின் வேலைப்பாட்டைக் கூறுகின்றதேயன்றிச் சுழலும் கருவியைக் கூறவில்லை. உருண்ட வடிவமெல்லாம் கடைந்த வடிவம் ஆகாது. செதுக்கியும் அவ்வடிவம் பெறலாம். ஆதலின் சங்ககாலத்தில் கடைச்சல் இருந்தமைக்கு அதனை உறுதியான சான்றாகக் கொள்ளுதல் சாலாது.

மேலைநாட்டு மிளகுத்திரிகைக்கு வருவோம். பிரான்சு நாட்டுப் பெழோ நிறுவனம் 1874இல் மிளகுத்திரிகையைச் செய்யத் தொடங்கியது. அதனை ஆக்கும் முறையைத் தமிழ் வினைகளால் நிரல்படக் கூறலாம். நன்குலர்ந்த மரத்தின் நடுவே நெடுகக் குடைவர், புறத்தைக் கடைவர், தலையையும் உடலையும் ஒரே துண்டிலிருந்து அறுப்பின் மரத்தின் வரியோட்டம் மாறாது தொடரும், உள்ளே தண்டும் பல்லும் பொருத்துவர். மிளகிற்கு எஃகுப் பல் ஏற்கும். உப்பு இரும்பை அரிக்குமாதலின் உப்புத்திரிகைக்குப் பீங்கான் பல் சிறந்தது. இங்ஙனம் அது பிறப்பது கடைதலால், தொழிற்படுவது திரிதலால். கடைதலும் குடைதலும் ஒலியால் நெருங்கினும் வேறு வேறு வினைகள் என்பதும் நினைவிற்குரியது.

மிளகு விளையும் தென்னாட்டில் இத்தகைய கருவி தோன்றாமைக்குக் காரணம் அறிவுக்குறை அன்று. மிளகு அம்மியில் ஏனைச் சரக்குகளோடு அரைபட்டுச் சமையலின்போதே உணவிற் சேர்ந்தது. உண்பவர் தம் இலையில் தனியே அரைத்துத் தூவும் வழக்கம் இல்லை. கடலுப்போ ஈரம் உறிஞ்சுவது. உலர்ந்த பாறையுப்புப் போலத் திரிகையில் எளிதில் திரிபடாது. அதனை வைத்தற்கு வேண்டியது அரிபடாத கலமே. அதற்கு மரவை உதவியது.

கடைந்த மரத்திரிகை தமிழ்நாட்டில் முற்றும் இல்லாமற் போகவில்லை. தாமிரவருணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்து மரச்செப்புக்களில், அம்மி, உரல், குடம் ஆகியவற்றோடு சிறு திரிகையும் இடம்பெறும். சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் வெம்மையால் அரக்கு உருகி மரத்திற் படியும். தீக்கடைகோலில் தீயை எழுப்பும் அதே வெம்மை இங்கு நிறம் ஏற்றுகின்றது.

இன்று கருவி மாறிவிட்டது. மின்விசையால் ஒரே திசையிற் சுழலும் பொறி கயிற்றையும் வாரையும் நீக்கிற்று. 1819இல் அமெரிக்கராகிய தாமசு பிளான்சார்டு உருளையல்லாத வடிவங்களையும் படியெடுத்துக் கடையும் பொறியை அமைத்தார். காலணி செய்தற்குரிய மரஅச்சுக்கள் அதனால் பெருகின. ஆம்பூரில் இன்று வழங்கும் காலணி அச்சுக்கள் பெரும்பாலும் நெகிழியால் ஆனவை. இரும்பு கடையும் பட்டறைகளில் 'லேத்து' என்னும் சொல்லே ஆட்சி பெற்றுள்ளது. மரப்பட்டறைகளில் மட்டும் கடைச்சல் என்னும் சொல் நிலவுகின்றது. ஒரே திசையிற் சுழலும் பொறியின் வேலையைக் கடைதல் எனல் இயக்க நோக்கில் வழுவே. எனினும் மறைந்த கருவியின் வடிவை அச்சொல்லே நமக்குக் காட்டிற்று.

கடைச்சல், கடைச்சற்காரன், கடைச்சலுளி, கடைச்சல் பிடித்தல் முதலிய சொற்களை அகராதிகள் பதிவு செய்துள்ளன. ஆனால் ஒவ்வோர் உளிக்கும், ஒவ்வொரு வளையத்திற்கும், முளைக்கும் தாங்கிக்கும் தொழிலாளர் வழங்கும் பெயர்கள் முறையாகத் தொகுக்கப்பெறின் இவ்வாராய்ச்சி மேலும் தெளிவுபெறும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பெற்றது; வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய அம்மூன்று மாவட்டங்களிலும் முதுகலை மாணவர் ஒரு சிலர் பட்டறைதோறும் சென்று, கயிறிழுத்துக் கடைந்த காலத்தை நினைவிற் கொண்ட முதியோர் உளராயின் அவர் வாய்மொழியைக் கேட்டுத் தொகுத்தல் நலம். அம்முதியோர் காலம் கடந்தபின் அச்சொற்களை எவ்வேட்டிலும் தேடிப் பெறுதல் இயலாது.