நகராக் கிணற்றுக் குழல்கள்: பீரங்கிக் குண்டா, மைசூர் ராக்கெட்டா?

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்னும் ஊரில், 2002ஆம் ஆண்டு ஒரு கிணற்றைத் தூர் வாரியபோது துருப்பிடித்த இரும்புக் குழல்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. பீரங்கிக் குண்டுகள் என்று அப்போது முடிவு கட்டினார்கள். சிவமொக்காவின் சிவப்ப நாயக்கர் அரண்மனை அருங்காட்சியகத்தில் அந்தப் பெயரோடே பத்தாண்டுக்கு மேல் அவை கிடந்தன. 2013 வாக்கில்தான் அவை ராக்கெட்டுகள் என்று தெரிந்தது. 2018 ஜூலையில் அதே ஊரில் வற்றிப்போன ஒரு கிணற்றைத் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மண்ணில் வெடிமருந்து நெடி அடித்தது. ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள குழல்கள் ஆயிரத்துக்கும் மேல் குவியலாக வெளிவந்தன.

முதலில் சொன்ன பெயர் ஏன் பொருந்தாது என்பதைப் பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டுப் பீரங்கியின் உட்புறம் வழவழப்பானது. அதில் போட்டுச் சுட்டது உருண்டைக் குண்டு. வெடிமருந்து அடைத்த குண்டும் உருண்டைதான். குழல் வடிவக் குண்டு பரவலானது, உட்புறம் சுருள்வரி வெட்டிய பீரங்கிகள் வந்த 1850களுக்குப் பிறகு. செய்முறையும் வேறு. குண்டு வார்ப்பிரும்பு, சுவர் தடிமனாக இருக்கும். ராக்கெட்டின் உறையோ தகட்டை அடித்து வளைத்துச் செய்தது. ஒரு முனை அடைபட்டிருக்கும். மறுமுனையில் நெருப்பும் புகையும் பீறிட ஒரு துளை மட்டும் இருக்கும்.

இத்தனை இருந்தும் தவறு நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ராக்கெட்டில் பாதி மூங்கிலும் தோல்வாரும். மண்ணுக்குள் அவை மக்கிவிடும். எஞ்சுவது இரும்பு மட்டும். முழு உருவம் எப்படி இருந்தது என்பதற்கு லண்டனின் ஊல்விச்சில் பாதுகாக்கப்பட்ட இரண்டு மாதிரிகளே சான்று. விண்வெளிப் பொறியியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் எழுதிய ஆய்வறிக்கையில் அவற்றின் அளவுகளைத் தந்திருக்கிறார். ஒன்றின் உறை 2.3 அங்குல விட்டமும் 10 அங்குல நீளமும் உள்ளது. 3 அடி 4 அங்குல வாளின் அலகோடு தோல்வாரால் கட்டப்பட்டது. மற்றொன்றின் உறை 1.5 அங்குல விட்டம், 7.8 அங்குல நீளம். கட்டியிருப்பது 6 அடி 3 அங்குல மூங்கிலில். நகராக் குழல்களை இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் ஒரே குடும்பம் என்பதில் ஐயம் எழாது.

ஆங்கிலேயர் பின்னாளில் செய்த காங்கிரீவ் ராக்கெட்டாக இவை இருக்கலாமா? இருக்க முடியாது. அதில் பெருவழக்கான 32 பவுண்டு வகையின் உறையே மூன்றரை அடி நீளம்.

இந்த ஆயுதம் தென்னிந்தியாவில் திப்பு சுல்தானோடு தோன்றியதல்ல. திப்புவின் தந்தை ஹைதர் அலி; அந்த ஹைதரின் தந்தை ஃபத் முகம்மது, ஆற்காட்டு நவாபிடம் ஐம்பது ராக்கெட் வீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். மைசூர் செய்த மாற்றம் உறையில் இருந்தது. ஐரோப்பியர் தாள் அட்டைக் குழலில் மருந்தை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் மைசூர்க் கொல்லர்கள் இரும்பில் அடைத்தார்கள். இரும்பு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும். மருந்தை இறுகத் திணிக்கலாம். ராக்கெட் தொலைதூரம் பாயும். திப்புவின் படைநூலான ஃபத்ஹுல் முஜாஹிதீன் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 200 ராக்கெட் வீரர்களை ஒதுக்கியது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை அழிந்ததற்கு, அதன் வெடிமருந்து வண்டிகளில் ராக்கெட் விழுந்ததே காரணம் என்பது பெருவழக்கு. பீரங்கிக் குண்டு விழுந்தது என்போரும் உண்டு. குறி தவறாத ஆயுதம் என்று ராக்கெட்டை யாரும் சொன்னதில்லை என்பதால், அந்த ஒற்றை வெடிப்பை வைத்து அதற்குப் பெருமை சேர்க்க நான் தயங்குவேன்.

1799இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது 600 ஏவுகருவிகளும், எரியத் தயாரான 700 ராக்கெட்டுகளும், மருந்து அடைக்காத 9,000 உறைகளும் பிடிபட்டதாகக் கணக்கு. சில மாதிரிகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் 1804 வாக்கில் ஊல்விச்சில் சோதனைகளைத் தொடங்கினார். 1807இல் கோபன்ஹேகன் நகரத்தின் மீது அவருடைய ராக்கெட்டுகள் ஏவப்பட்டன.

இனி நகராக் குவியலின் காலம். அந்த ஊரின் பழைய பெயர் பிதனூர். கெளதி நாயக்கர்களின் தலைநகர். 1763இல் அதைப் பிடித்த ஹைதர், தன் பெயரால் ஹைதர் நகர் ஆக்கி, அங்கே நாணயச்சாலையும் ஆயுதச்சாலையும் அமைத்தார். 1783 தொடக்கத்தில் ஜெனரல் மேத்யூஸின் ஆங்கிலப் படை ஊரைக் கைப்பற்றியது. சில மாதங்களில் திப்பு மீட்டார். 1799க்குப் பிறகு மைசூர்ப் படைக்கு ராக்கெட் செய்யும் வேலை அங்கே இல்லை. ஆகவே 1763க்கும் 1799க்கும் இடைப்பட்டவை என்பதுவரை துணிந்து சொல்லலாம். தந்தை காலத்தவையா மகன் காலத்தவையா என்று குழலின் வடிவத்தை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை. செய்திகளில் எல்லாம் திப்புவின் ராக்கெட் என்றே வந்தது. பெயருக்கு இருக்கும் ஈர்ப்பு அப்படி.

மருந்தைப் பற்றிய செய்தியிலும் ஒரு சிக்கல் உண்டு. குழல்களில் வெடியுப்பு, கரி இவற்றோடு மக்னீசியத் தூளும் இருந்ததாக எழுதினார்கள். மக்னீசியத்தை உலோகமாக ஹம்ஃப்ரி டேவி முதன்முதல் பிரித்தெடுத்தது 1808இல். திப்பு இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து. மண்ணிலிருந்து ஏறிய மக்னீசியச் சேர்மமாக அது இருக்கலாம். கருமருந்தில் வெடியுப்பு, கரியோடு சேரும் மூன்றாவது சரக்கு கந்தகம், மக்னீசியம் அல்ல.

மைசூர் இரும்பின் தரம்தான் ராக்கெட்டின் வெற்றிக்குக் காரணம் என்று நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதைச் சோதிக்க முன்பு கைவிரல் எண்ணிக்கையில்தான் மாதிரிகள் இருந்தன. இப்போது ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றையாவது குறுக்கே வெட்டி, தகட்டின் தடிமன், கரிமத்தின் அளவு, கசடு, தகட்டை இணைத்த முறை ஆகியவற்றை அளந்து முழுமையாக வெளியிட வேண்டும். அதுவரை அருங்காட்சியகப் பலகையில், ‘மைசூர்ப் படையின் ராக்கெட் உறைகள், 1763–1799’ என்று எழுதுவதே சரி.