பேரரசர் எழுதிய மறுமொழி



சீன நாட்டை 1644 முதல் 1912 வரை ஆண்ட மஞ்சு மன்னர்கள் சீனரா, அயலாரா? பள்ளியில் நான் வரலாறு கற்பித்த காலத்தில் மாணவர் பலர் என்னிடம் இவ்வினாவை எழுப்பியதுண்டு. இதே வினாவுக்குப் பேரரசர் ஒருவரே விடையெழுத நேர்ந்த வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

மஞ்சு என்ற பெயரே பழமையானதன்று. வடகிழக்கே வாழ்ந்த ஜூர்ச்சென் மக்களுக்கு அவர்தம் தலைவர் ஹுங் தாய் ஜி 1635இல் ஆணையிட்டுச் சூட்டிய பெயர் அது. பெய்ஜிங்கைக் கைப்பற்றிய மறு ஆண்டே, சீன ஆடவர் யாவரும் முன்தலையை மழித்துப் பின்னே சடை விட வேண்டுமென மஞ்சு அரசு கட்டளையிட்டது. மறுத்தோர் உயிரிழந்தனர்.

1728இல் ஹூனான் மாகாணத்து ஆசிரியர் செங் சிங் என்பவர், சியான் நகரிலிருந்த ஆளுநர் யூ சுங் சிக்கு மடலொன்று விடுத்தார். யூ சுங் சி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜூர்ச்சென் படைகளை எதிர்த்த வீரர் யூ ஃபெய்யின் வழித்தோன்றல் எனக் கருதப்பட்டவர். ‘அயலாரை எதிர்த்துக் கிளர்ந்தெழுக’ என்பதே மடலின் சாரம். ஆளுநரோ அதனை அரசருக்கு அறிவித்துவிட்டார்.

பேரரசர் யுங் செங் செய்தது வியப்புக்குரியது. செங் சிங்கை மன்னித்ததோடு, அவருடைய குற்றச்சாட்டுகளையும் தம் மறுப்பையும் நூலாக அச்சிட்டுக் கல்விக்கூடங்கள்தோறும் பரப்பினார். ‘பண்டைய அறவேந்தர் ஷுன் கிழக்கத்திய அயலார்; வென் மன்னர் மேற்கத்திய அயலார் என்று மென்சியஸே கூறவில்லையா? மஞ்சு என்பது பிறந்த ஊர் போன்றதே. ஆளும் தகுதியைத் தருவது அறமேயன்றிப் பிறப்பன்று’ என்பது அவர் வாதம்.

வாதம் சிறந்ததே, ஆயின் ஆட்சிமுறை அதற்கு மாறாக நின்றது. எண்கொடிப் படையினர் பல நகரங்களில் மதில் சூழ்ந்த தனிக்குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்களுள் மங்கோலியரும் சீனரும் இருந்தனரெனினும், ஏனைய சீனரோடு மணவுறவு விலக்கப்பட்டிருந்தது. செங் சிங்கின் மனத்தைக் கவர்ந்த நூல்களை எழுதிய லூ லியு லியாங் முன்பே மறைந்தவர். அவர் உடல் கல்லறையினின்று தோண்டியெடுக்கப்பட்டுச் சிதைக்கப்பட்டது. 1735இல் யுங் செங் மறைந்ததும் அவர் மகன் சியென் லுங், தந்தையின் நூலைத் திரும்பப் பெறச் செய்து, மன்னிக்கப்பட்ட ஆசிரியரையும் கொல்வித்தார்.

வினா ஒழிந்ததா? இல்லை. 1911ஆம் ஆண்டுப் புரட்சியில், மடல் சென்று சேர்ந்த அதே சியான் நகரில், மஞ்சுக் குடியிருப்பினர் ஆயிரக்கணக்கில் வெட்டுண்டு மாண்டனர். பெண்டிரும் சிறுவரும் அவர்களுள் அடங்குவர். அரசர் செய்த பிழைக்கு ஆளப்பட்ட எளியோர் விலை கொடுத்தனர். அதன்பின் மஞ்சுக்கள் பலர் தம் பெயரையும் பிறப்பையும் மறைத்து வாழ்ந்தனர். காலம் மாறியது, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தம்மை மஞ்சு என்றே பதிந்துகொண்டனர்.

பிறப்பு பெரிதன்று என்று நூல் எழுதுவது எளிது. அதற்கேற்ப ஆட்சி அமைப்பதே அரிது. எழுப்பிய வினாவை வாளால் அடக்கினால் அது மடிவதில்லை, காத்திருக்கும் என்பதே மஞ்சு வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் என நான் கருதுகின்றேன்.