தொப்புள் வளையம் வந்த வழி

காது குத்துவது நமக்குப் புதிதன்று. தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்தி, ஆசாரி பொன் கம்பியைச் செருகுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தொப்புளில் குத்துவதோ அண்மைக் காலத்து அமெரிக்கப் பழக்கம். 1978இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜிம் வார்டு என்பவர் உடலில் துளையிடுவதற்கென்றே கடை திறந்தார். 1993இல் ஏரோஸ்மித் இசைக்குழுவின் பாடற்காட்சி ஒன்றில் இளம்பெண்ணொருத்தி தொப்புள் குத்திக்கொண்டாள். பிறகு கேட்க வேண்டுமா? நாடு நாடாகப் பரவிற்று.

காது மடல் ஏறத்தாழ ஆறு வாரத்தில் ஆறிவிடும். தொப்புளுக்கு ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டும் ஆகும். குனிந்தால் அவ்விடம் மடிகிறது, பாவாடை நாடா உரசுகிறது, வியர்வை தேங்குகிறது. பால்மரம் வெட்டியவர்களுக்கு இடுப்பு வியர்வையைப் பற்றி நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த ஈரத்தில்தான் கிருமி வளர்ந்து சீழ் பிடிக்கிறது.

பொன் கம்பி பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. மலிவான வளையத்தில் கலந்துள்ள நிக்கல் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994இலேயே அதற்குச் சட்டம் போட்டன.

இவற்றிலும் கொடியது, பிறர் இரத்தம் பட்ட ஊசி. கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி, சி கிருமிகள் அதன்வழி பரவக்கூடும். பி வகைக்கு மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. 1989இல் அடையாளம் காணப்பட்ட சி வகைக்கு இன்றளவும் தடுப்பூசி கிடையாது. ஆகவே புதிய ஊசியை நம் கண்முன் உறை பிரிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமென்ன?

சீழும் காய்ச்சலும் கண்டால், பயந்துபோய் வீட்டிலேயே வளையத்தைக் கழற்றிவிடக் கூடாது. துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே கட்டிக்கொள்ளும். வளையத்தோடேயே டாக்டரிடம் போகவேண்டும்; கழற்றுவதா, விடுவதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.