நீக்கி அறியும் வித்தை

1918ஆம் ஆண்டில், நீலகிரியின்மேல் குன்னூரிலிருந்த பாஸ்டர் ஸ்தாபனத்தின் ஒரே ஓர் அறையில், பெரி-பெரி என்னும் வியாதியை ஆராய்வதற்காக ராபர்ட் மக்காரிசன் என்ற ராணுவ வைத்தியர் சிறியதொரு பிரிவைத் தொடங்கினார். தவிடு முற்றிலும் நீங்கத் தீட்டிய அரிசியை மட்டும் தின்ற புறாக்கள் நரம்பு தளர்ந்து விழுவதை அவர் ஆராய்ந்தார். பின்னர், எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, சீக்கியர் உண்ணும் கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் ஒரு கூட்டத்துக்கும், அன்றைய சென்னை ராஜதானியின் அரிசிச் சாப்பாட்டை மற்றொரு கூட்டத்துக்கும் அளித்து, எது கொழுத்தது, எது மெலிந்தது என்று நிறுத்துப் பார்த்தார். மெலிந்தவை அரிசி உண்டவையே. நெல்லையே செல்வமாகக் கருதும் நாஞ்சில் நாட்டார் நெஞ்சில் உறைக்க வேண்டிய முடிவு அது. உரலில் கைக்குத்தலாகக் குத்திய அரிசி தன்னிடம் தங்கவிட்ட தவிட்டின் அருமை, ஆலை அரிசி வந்து அதை இழந்த பிறகே தெரிந்தது. அந்த ஓரறை ஆராய்ச்சியே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

ஒரு பொருள் உடலில் இருக்கும்வரை அது செய்யும் காரியம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதை நீக்கி, எது கெடுகிறதென்று பார்த்தால் புலப்படுகிறது. குன்னூரில் நீக்கப்பட்டது உணவின் சத்து. பிற்காலத்தில் இதே உபாயத்தை உயிரின் மூல எழுத்தான மரபணுவின்மேல் பிரயோகிக்க மனிதன் கற்றுக்கொண்ட சரித்திரத்தை, நம்மவர் பலர் அறியார். அச் சரித்திரத்தின் நாயகன் சுண்டெலி.

சுண்டெலியை ஆராய்ச்சிச் சாலைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் கிரான்பி என்னும் சிற்றூரில், பள்ளி ஆசிரியை வேலையை விட்ட ஆபி லாத்ராப், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அலங்காரத்துக்காக வளர்க்கும் பலநிறச் சுண்டெலிகளை வளர்த்து விற்று வந்தார். விஞ்ஞானிகள் அவரிடம் வாங்கத் தொடங்கினார்கள். எந்த எலி எந்த எலிக்குப் பிறந்தது என்பதைக் கணக்குப் பிசகாமல் எழுதிவைத்த அவர், லியோ லோப் என்ற நோய்க்குறியியல் அறிஞரோடு சேர்ந்து, சூலகங்களை நீக்கிய சுண்டெலிகளில் மார்பகக் கட்டி குறைகிறது என்று கண்டு வெளியிட்டார். பட்டம் எதுவுமின்றி இவ்வளவும் சாதித்த அம்மையார், மக்காரிசன் தம் அறையைத் திறந்த அதே 1918இல் காலமானார். ஆராய்ச்சி உலகம் அவரை இன்னும் போதிய அளவு கௌரவிக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். அவர் வளர்த்த எலிகளிலிருந்து கிளாரன்ஸ் குக் லிட்டில் என்பவர் 1921இல் உருவாக்கிய ‘ஸி57 பிளாக்’ வம்சமே இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுகிறது. சகோதர சகோதரி எலிகளை இருபது தலைமுறைகளுக்குமேல் தங்களுக்குள்ளேயே இணைத்து, ஒன்றுக்கொன்று மரபில் வேற்றுமையில்லாத சந்ததியை உண்டாக்கும் பொறுமையான தொழில் இது.

1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்ஸும் மாத்யூ காஃப்மனும், தனித்து ஸான் பிரான்ஸிஸ்கோவில் கெயில் மார்ட்டினும், சுண்டெலிக் கருவின் மூல உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கக் கற்றார்கள். மரியோ கபெக்கியும் ஆலிவர் ஸ்மித்தீஸும் அவ்வுயிரணுக்களில் குறித்ததொரு மரபணுவை மட்டும் குலைக்கும் முறையை வகுத்தார்கள். 1989இல் ‘நாக்-அவுட்’ சுண்டெலிகள் பிறந்தன. எவான்ஸ், கபெக்கி, ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால், உயிரணுக்களை ஒன்றோடொன்றும், அடியிலுள்ள சவ்வோடும் பிணைக்கும் ஒட்டுப் புரதங்களை ஆராய்ந்தவர்களுக்கு இம்முறை பெரிய ஏமாற்றத்தையே தந்தது. உயிரணுக்கள் ஒன்றையொன்று இனங்கண்டு ஒட்டும் என்பது 1907இலேயே தெரிந்த சங்கதி. கடற்பஞ்சைப் பட்டுத்துணி வழியே பிழிந்து உதிர்த்தபோது, உதிர்ந்த உயிரணுக்கள் மீண்டும் கூடிக் கடற்பஞ்சானதை வில்ஸன் என்பவர் அவ்வாண்டு காட்டினார். அவ்வொட்டுக்குக் காரணமான புரதக் குடும்பங்களில் காட்ஹெரினை ஜப்பானில் மஸாதோஷி டாகெய்ச்சி கண்டறிந்தார்; இன்டெக்ரின் என்ற பெயர் 1986இல் வழக்குக்கு வந்தது. காட்ஹெரின்களில் தலையாயதொன்றை நீக்கிய கருக்கள் 1994இலும், பீட்டா-1 இன்டெக்ரினை நீக்கிய கருக்கள் 1995இலும், கருப்பையில் பதியும் பருவத்தைத் தாண்டாமல் அழிந்தன. தோலில் அப்புரதங்களின் வேலை என்னவென்று கேட்கத் தோலே உண்டாகவில்லை. சிற்பிகள் நிறைந்த எங்கள் மயிலாடியில் உளி பிடித்த எவரும் இதன் காரணத்தை உடனே சொல்லிவிடுவார்: ஒரு தூண் தாங்கும் பாரத்தை அறிய, அவ்வகைத் தூண்கள் அனைத்தையும் அஸ்திவாரம் போட்ட அன்றே விலக்கிவிட்டால், மண்டபம் எழும்பவே எழும்பாது, எழும்பி நின்ற மண்டபத்தில் ஓர் அங்கணத்தின் தூணை மட்டும் எடுத்துப் பார்க்கும் வழி வேண்டும்.

அந்த வழி, பாக்டீரியாவைத் தாக்கும் பி1 என்னும் வைரஸிலிருந்து வந்தது. அதனிடம் ‘கிரே’ என்ற நொதி உண்டு. 34 எழுத்துக்கள் கொண்ட ‘லாக்ஸ்-பி’ என்னும் அடையாளம் இரண்டு ஒரே திசையில் அமைந்திருந்தால், இடையிலுள்ளதை அது வெட்டியெறிந்து முனைகளை இணைத்துவிடும். பிரையன் ஸாவர் இந்நொதி பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் வேலை செய்யும் என்று 1980களில் நிரூபித்தார். 1994இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் கிளாவுஸ் ராயெவ்ஸ்கியின் குழுவினர், ஒரு மரபணுவைச் சுண்டெலியின் நோயெதிர்ப்புக்குரிய டி-உயிரணுக்களில் மட்டும் நீக்கிக் காட்டினார்கள். ஒரு வம்சத்தில், நீக்க வேண்டிய மரபணுவின் இருபுறமும் அடையாளம் பொருத்தப்படுகிறது; அது தன்னளவில் எந்தத் தீங்கும் செய்வதில்லை. மற்றொரு வம்சத்தில், குறித்த ஓர் உறுப்பில் மட்டும் கிரே நொதி சுரக்கும்படி அமைக்கப்படுகிறது. இரண்டையும் இணைத்து, பிறந்த சந்ததியை மறுபடியும் இணைத்தெடுக்கும் குட்டிகளில் சிலவற்றில், அவ்வுறுப்பில் மட்டும் மரபணு மறைகிறது. பிற உறுப்புகளில் அது வழக்கம்போல் தன் காரியத்தைச் செய்து வருகிறது. இதுவே நிபந்தனைக்குட்பட்ட நீக்கம்.

2000ஆம் ஆண்டில், சிகாகோவில் எலைன் ஃபுக்ஸின் ஆராய்ச்சிச் சாலையில் ஸ்ரீகலா ராகவன், தோலின் கெரட்டின்-14 மரபணுவின் துணையால் கிரேயைச் சுரக்கச் செய்து, பீட்டா-1 இன்டெக்ரினைத் தோலில் மட்டும் நீக்கினார். குட்டிகள் பிறந்தன, தோல் கொப்புளித்தது. மேல்தோலைத் தாங்கும் அடித்தளச் சவ்வு ஒழுங்காக அமையவில்லை. மயிர்க்கால்கள் உள்தோலுக்குள் இறங்கவில்லை. வெறும் பசை என்று எண்ணியிருந்த புரதம், தான் ஒட்டிக்கொள்ள வேண்டிய தளத்தைக் கட்டுவதற்கும் வேண்டியதென்று தெரிந்தது.  பின்னாளில் பெங்களூரின் இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வம்மையாரும் குழுவினரும் 2016இல் வெளியிட்ட முடிவு இன்னும் சூட்சுமமானது: இப்புரதத்தை நீக்கிய கருவின் தோலில் கிருமி எதுவும் இல்லாமலே அழற்சி எழுகிறது, அங்கே வந்து திரளும் பெருவிழுங்கணுக்கள் சவ்வின் சிதைவை மேலும் மிகுவிக்கின்றன. குன்னூரில் கையாண்ட உபாயம், இவ்வளவு நுண்மையடைந்து, நம் தேசத்து ஆராய்ச்சிச் சாலையொன்றிலேயே நடைபெற்றதை எண்ணிப் பெருமை கொள்கிறேன்.

இதில் எலிகளின் உயிர் போகிறது என்பதை மறைக்கலாகாது. 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி அமைந்த குழுவின் மேற்பார்வையில்தான் இச்சோதனைகள் நடைபெறலாம். தேவைக்கு மேல் ஓர் எலியும் வீணாகக் கூடாதென்ற விதியை ஆராய்ச்சியாளர் எவரும் சடங்காகக் கருதக் கூடாது.

தோலின் ஒட்டுப் புரதங்களில் பிறவிக் குறையுடன் பிறந்து, லேசாக உராய்ந்த இடமெல்லாம் கொப்புளிக்கும் குழந்தைகள் நம்மிடையேயும் உண்டு. இது தொற்றுநோய் அன்று. கர்ப்பிணி செய்த குற்றமும் அன்று. மரபணுவில் நேர்ந்த பிழை. அத்தகைய குழந்தை உங்கள் தெருவில் பிறந்தால், தாயை ஒரு சொல்லும் சொல்லாமல், தோல் மருத்துவரிடம் உடனே கொண்டுபோக உதவுங்கள்.